விலங்கியல் ஆசிரியர்களுக்கு: பூச்சிப் பெட்டிக்குப் பதிலாக ஒரு கறிவேப்பிலைச் செடி

மதிப்பிற்குரிய விலங்கியல் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கல்லூரியில் விலங்கியல் முதலாண்டு படிக்கிறாள். "மாமா, பூச்சி பிடிக்கிற வலை உங்களிடம் இருக்கும் என்று அம்மா சொன்னார்கள். 25 பட்டாம்பூச்சி பிடித்துப் பெட்டியில் குத்தி, மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்" என்றாள். வலை இருக்கிறது. கம்பைக் கழற்றித் துணி சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். எடுத்துக் கொடுக்கத்தான் கை வரவில்லை. ஏன் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் மதிப்பெண் போடப்போகிறவர்கள் நீங்கள். அதனால் உங்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

1994-இல் நானும் அப்படியொரு பெட்டி செய்தேன். மரச்சட்டம், மேலே கண்ணாடி, அடியில் தெர்மகோல், மூலைக்கொன்றாக அந்துருண்டை. ஈத்தரில் நனைத்த பஞ்சைப் போட்ட வாயகன்ற போத்தலுக்குள் பூச்சியை விட்டு மூடிவிட்டு, இறக்கை அடங்கும்வரை காத்திருப்போம். பிறகு நெஞ்சில் ஊசியைச் செருகி, இறக்கைகளை விரித்து, காகிதப் பட்டைகளால் அழுத்திக் காயவைப்போம். விரல்களில் செதில் ஒட்டிக்கொள்ளும். தெரியாமல் முகத்தைத் துடைத்தால் கன்னத்தில் மினுங்கும். பெயர்களை எங்கே பார்த்தோம் என்றால், மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில். அவர்கள் தங்களுக்கு மூத்தவர்களின் நோட்டில் பார்த்திருப்பார்கள். செய்முறைத் தேர்வு முடிந்த அடுத்த மாதம் எல்லாப் பெட்டிகளும் ஆய்வகத்தின் பின்புறம் குவிந்து கிடந்தன. மழை பெய்தது. எறும்பு ஏறியது. அவ்வளவுதான்.

என் பெட்டியின் மூன்றாவது வரிசையில் ஒரு பூச்சி இருந்தது. கறுப்பு இறக்கை, முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை, பின்னிறக்கையில் சிவப்புப் பிறைகள். அதன் கீழே 'பேக்லியாப்டா ஹெக்டர்' என்று அறிவியல் பெயரை எழுதி ஒட்டியிருந்தேன். தேர்வாளர் பார்த்தார், சரி என்று குறியிட்டார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, சேர்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஈஸ்வரமூலிக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, உண்மையான ஹெக்டர் முட்டையிட வந்தது. ஒரு முழ தூரம்கூட இல்லை. அதன் தலையும் வயிறும் குங்குமச் சிவப்பு. நான் ஊசி குத்திய பூச்சியின் உடல் கறுப்பு. என் கையால் குத்தியது, எனக்கு மறக்கவில்லை. அது கறிவேப்பிலை அழகி என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண்.

உங்களில் பலருக்கு இது தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டு பூச்சிகளுக்குள் ஒரு பாடத்திட்டமே அடங்கியிருக்கிறது. ஹெக்டரின் புழு ஈஸ்வரமூலியையும் ஆடுதீண்டாப்பாளையையும் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் தின்று வளரும் மற்றதற்கு அந்த நஞ்சு கிடையாது. அதன் பெண்களில் ஒரு வகை ஹெக்டரின் வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. வேடம் இறக்கை வரைக்கும்தான், உடல் வரைக்கும் போகவில்லை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் இவற்றுக்குக் கிரேக்கக் காவியத்தில் வரும் ட்ராய் நகரத்து வீரர்களின் பெயர்களைச் சூட்டினார். ஒன்று ஹெக்டர், மற்றது பாலிட்டஸ். கதையில் இருவரும் ஒரே அரசனின் பிள்ளைகள். ஹெக்டரைத் தமிழில் இப்போது சிவப்புடல் அழகி என்கிறோம். பார்க்க வேண்டிய அடையாளத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் அன்றைக்கு என் காதில் விழுந்திருந்தால் நான் தவறியிருக்க மாட்டேன்.

இதில் சட்டமும் இருக்கிறது. சிவப்புடல் அழகி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு பல பத்தாண்டுகள் இடம்பெற்றிருந்த பூச்சி. 2022-இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி அமைத்தார்கள். பட்டாம்பூச்சிகளுக்கு அவற்றில் இன்றும் இடம் உண்டு. பறக்கும்போது வேடக்காரி எது, அசல் எது என்று பழகிய கண்ணுக்கே சட்டென்று பிடிபடாது. பதினெட்டு வயதுப் பெண்ணின் கையில் வலையைக் கொடுத்து, 25 வேண்டும் என்று அனுப்பினால், எதைப் பிடிக்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வகுப்பில் தவளையை அறுப்பதை நிறுத்தச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இலேயே அறிவித்துவிட்டது. பூச்சிப் பெட்டி மட்டும் சில இடங்களில் யார் கண்ணிலும் படாமல் தொடர்கிறது.

கொல்லவே கூடாது என்று நான் வாதாடவில்லை. அப்படிச் சொன்னால் இந்த அறிவு வந்த வழியையே மறுத்தவன் ஆவேன். லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, சோழமண்டலக் கரையில் பிடித்த பூச்சிகளைப் பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரிசியஸுக்கு அனுப்பினார். அங்கிருந்துதான் நம் பூச்சிகள் பல அறிவியல் பெயர் பெற்றன. இன்றும் எத்தனையோ அந்துப்பூச்சிகளை இறக்கையைப் பார்த்துப் பெயர் சொல்லிவிட முடியாது. ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முடிவாகத் தெரியும். அதைச் செய்கிறவர்கள் அனுமதி பெற்றுச் செய்கிறார்கள், ஒவ்வொரு பூச்சிக்குக் கீழும் ஊர், தேதி, பிடித்தவர் பெயர், இருந்த செடி என்று ஒரு சீட்டு வைக்கிறார்கள். அந்தச் சீட்டுதான் சேகரிப்பு. சீட்டு இல்லாத பூச்சி எவ்வளவு அழகாகக் காய்ந்திருந்தாலும் ஒன்றுக்கும் உதவாது. என் பெட்டியில் 25 பூச்சிகள் இருந்தன, சீட்டு ஒன்றுகூட இல்லை. குத்திய பூச்சியை மாணவர்கள் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2018-இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நாள் பஸ் பிடித்து அழைத்துப் போகலாம்.

நான் கேட்பது இதுதான். 25 பூச்சியைக் கொல்வதற்குப் பதில் ஒரே ஒரு பூச்சியை வளர்க்கச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சைச் செடியோ இல்லாத தெரு நம் ஊர்களில் இல்லை. தளிர் இலையின் ஓரத்தில் கடுகைவிடச் சிறியதாக, வெளிர் மஞ்சளில், உருண்டையாக ஒற்றை முட்டை இருக்கும். மூன்று நாளில் பொரியும். வெளிவரும் புழு முதல் வேலையாகத் தன் முட்டை ஓட்டைத் தின்கிறது. பிறகு பல நாள்களுக்கு அது காகம் எச்சமிட்டதுபோல் பழுப்பும் வெள்ளையுமாக இலைமேல் அசையாமல் கிடக்கும். கடைசித் தோலை உரித்ததும் ஒரே நாளில் பச்சை ஆகிவிடும். அப்போது மெல்லத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்குபோல் இரண்டு கிளையுள்ள சதைக்கொம்பை நீட்டும். கசக்கிய நார்த்தை இலையின் வாடை அறை முழுக்க அடிக்கும். இதைப் படத்தில் எப்படிக் காட்டுவீர்கள்?

செலவு என்று எதுவும் இல்லை. அகன்ற கண்ணாடிப் போத்தல், வாயில் கொசுவலைத் துணி, அதற்கொரு ரப்பர் வளையம். தினமும் புது இலை போட்டு, எச்சத்தைத் தட்டிவிட வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்: கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடக்கூடாது. நான் ஒருமுறை மழைக்குச் சோம்பிப்போய்ச் சந்தையில் வாங்கிய கொத்தைக் கழுவிப் போட்டேன். மறுநாள் காலையில் நான்கு புழுக்களும் சுருண்டு கிடந்தன. அந்த இலையைத்தான் தினமும் ரசத்தில் போட்டுச் சாப்பிடுகிறோம் என்பதை அதற்கு முன்னால் நான் நினைத்ததே இல்லை.

சில சமயம் கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சி வராது. பக்கவாட்டில் ஊசிமுனை அளவு துளை விழுந்து, எறும்பைவிடச் சிறிய குளவிகள் வரிசையாக வெளியே வரும். என் மகன் ஏழு வயதில் இதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பாட்டில் நாட்டமில்லாமல் இருந்தான். மூன்றாம் நாள் அந்தக் குளவிகளை வரைந்தான். பட்டாம்பூச்சி வராமல் போன மாணவருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். அவர் பார்த்தது குறைவானதல்ல.

அந்துப்பூச்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்து என்றால் நமக்கு அரிசியில் விழுவது, பெட்டித் துணியை அரிப்பது. அதை விரட்ட ஓர் உருண்டை. ஆனால் உலகில் அறியப்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 18,000 என்றால், அந்துப்பூச்சி இனங்கள் 1,60,000 அளவுக்கு இருக்கின்றன. அமாவாசையை ஒட்டி, மழை விட்ட, காற்றில்லாத இரவில் மொட்டைமாடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி முன்னால் விளக்கைப் போட்டால் போதும். முதலில் ஈசல் வரும், பிறகு வண்டு வரும், ஒன்பது மணிக்கு மேல் இவை வர ஆரம்பிக்கும். ஒரு முறை அரளியில் வளரும் பெரிய பச்சை அந்துப்பூச்சி ஒன்று வேட்டியில் வந்து உட்கார்ந்தது. பறப்பதற்கு முன் உடல் சூடேற வேண்டும் என்பதால் நின்ற இடத்திலேயே நடுங்கியது. விரலை அருகில் கொண்டுபோனபோது அந்த அதிர்வு துணி வழியாக விரலுக்கு வந்தது. அதைக் கொல்லாமலே படம் எடுத்தேன், தேதி எழுதினேன். காலையில் பறவைகள் கொத்துவதற்குள் விளக்கை அணைத்துவிட வேண்டும், அது முக்கியம்.

தேதி எழுதிய நோட்டு எதற்கு என்று கேட்கலாம். தென்மேற்குப் பருவமழைக்கு முன் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்ற பட்டாம்பூச்சிகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு மலைகளை நோக்கிக் கூட்டங்கூட்டமாகப் போகின்றன. அக்டோபர், நவம்பரில் திரும்புகின்றன. எங்கள் சேலத்து வானத்தில் அவை கடப்பதைப் பதினெட்டு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். ஒரே ஒருவனின் நோட்டு ஒரு மொட்டைமாடியின் கதையைத்தான் சொல்லும். உங்கள் வகுப்பில் அறுபது பேர் இருக்கிறார்கள். அறுபது வீட்டு மாடிகள், மூன்று ஆண்டுகள். அப்படியொரு பதிவை எந்தப் பெட்டி தரும்? தமிழ் மறவனை 2019-இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். அதன் புழு தின்பது நீரடிமுத்து மரத்தின் இலை. அந்த மரத்தைத் தங்கள் மாவட்டத்தில் எங்கே பார்க்கலாம் என்று தேடச் சொல்வதுகூட நல்ல செய்முறைப் பாடம்தான்.

மதிப்பெண்ணை எதற்குப் போடுவது என்ற கேள்வி நியாயமானது. முட்டை கிடைத்த நாள், ஒவ்வொரு தோல் உரிப்பு, தின்ற இலை, கையால் வரைந்த படம், கடைசியில் 'இது ஏன் இந்த இனம், ஏன் அந்த இனம் இல்லை' என்று சொந்தமாக எழுதிய நான்கு வரி. இந்த நான்கு வரியை மூத்தவர்களின் நோட்டில் பார்த்து எழுத முடியாது.

பக்கத்து வீட்டுப் பெண் அன்றைக்கு வலை வாங்காமல் போனாள். போகும்போது எங்கள் எலுமிச்சைச் செடியில் ஒரு முட்டையைக் காட்டினேன், இலையோடு எடுத்துப்போனாள். நேற்று மாலை போத்தலைக் கொண்டுவந்து காட்டினாள். புழு பச்சையாகிவிட்டது. நோட்டில் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறாள். இன்றோ நாளையோ அது தின்பதை நிறுத்திவிட்டு, குச்சியில் நூல் கட்டிச் சாய்ந்துகொள்ளும். பட்டாம்பூச்சி வெளியே வர அதன்பின் இன்னும் பத்து நாளாவது ஆகும். பெட்டியை ஒப்படைக்கக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை என்கிறாள். அவளுடைய ஆசிரியர் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அய்யா, அம்மா, அவளுக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய விலங்கியல் மாணவன் ஒருவன்,
சேலம்