வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு நீர்மட்டத்தை எழுதிக் கொடுங்கள்

வாகனக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும், சேதத்தைப் பார்க்க வரும் சர்வேயர்களுக்கும், நனைந்த வண்டியைச் சரிசெய்யும் பட்டறைகளுக்கும், அதை வாங்கி விற்பவர்களுக்கும்,

வணக்கம். நான் மெக்கானிக் இல்லை. பல வருடமாக ஒரு டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறேன், தேவைப்படும்போது முன்சக்கரங்களையும் எஞ்சின் சுற்றவைக்கும் வகை. அது இரண்டு இரவு வெள்ளத்தில் நின்றது. அதற்கப்புறம் ஒரு வருடம் அந்த வண்டியோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வெள்ளத்தில் நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது, எவ்வளவு நேரம் நின்றது, நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். அந்தத் தாள் வண்டியோடு பட்டறைக்குப் போகட்டும், நாளை அந்த வண்டியை வாங்குகிறவர் கைக்கும் போகட்டும்.

இதைப் போய் ஒரு மடலாக எழுத வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். என் வண்டியில் நடந்ததைக் கேளுங்கள்.

தண்ணீர் வடிந்த காலையில் கதவைத் திறந்தபோது உள்பக்கம் சேற்றுக் கோடு பளிச்சென்று தெரிந்தது, இருக்கை மெத்தைக்கு நான்கு விரல் கீழே. சாவியைப் போட்டுப் பார்க்கத்தான் கை போனது. நல்லவேளையாக அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை போனில் கூப்பிட்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தையே "செல்ஃப் அடிக்காதீங்க" என்பதுதான். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொன்னார், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். ஃபில்டர் காய்ந்திருந்தது. எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் தண்ணீருக்கு மேலே இருந்திருக்கிறது. என் எஞ்சின் பிழைத்தது அதனால்தான்.

ஏன் செல்ஃப் அடிக்கக்கூடாது என்பதை அவர் அப்புறம் கணக்குப் போட்டே காட்டினார். நான்கு சிலிண்டர், 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் என்றால் ஒரு சிலிண்டருக்கு 700 மில்லி. அமுக்க விகிதம் 16க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 47 மில்லிதான், அதாவது மூன்று மேசைக்கரண்டி. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே இருந்துவிட்டால் பிஸ்டன் மேலே போக இடமில்லை, பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். சில சமயம் வளைந்த ராடோடு கொஞ்ச காலம் ஓடிவிட்டுப் பிறகு உடைந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலே குளோ பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ, பெட்ரோல் வண்டியென்றால் ஸ்பார்க் பிளக்குகளையோ, கழற்றிவிட்டு, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பட்டறைக்காரர்களான உங்களுக்குத் தெரியும். ஆனால் வண்டியை ஏற்றிக்கொண்டு போக வருகிறவருக்கும், யார்டில் இடம் மாற்றி நிறுத்துகிறவருக்கும் தெரியாது. "ஓடுதா பார்க்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பினாலே எஞ்சின் போய்விடலாம். ஸ்டியரிங்கில் "ஸ்டார்ட் செய்யாதே" என்று ஒரு தாளை ஒட்டி அனுப்புவதை நீங்கள் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் பிழைத்ததில் நான் நிம்மதியாகிவிட்டேன். அந்த நிம்மதிதான் அப்புறம் என்னைக் கவிழ்த்தது.

சர்வேயர் ஒன்பதாவது நாள் வந்தார். வெளியிலிருந்து நான்கு படம் எடுத்தார். படிவத்தில் "உட்புறம் நனைந்துள்ளது" என்று எழுதினார். எந்த உயரம் வரை என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நான் கோட்டைக் காட்டினேன், பார்த்துத் தலையாட்டினார், எழுதவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்று அவர் பார்க்க வேண்டிய வண்டிகள் வரிசையாக நின்றன. ஆனால் அந்தப் படிவம் மட்டும்தான் பட்டறைக்குப் போனது. உட்புறம் நனைந்துள்ளது என்றால் பட்டறை என்ன செய்யும், உட்புறத்தைச் சரிசெய்யும். கார்ப்பெட் மாற்றினார்கள், இருக்கைகளைக் கழற்றிக் காயவைத்தார்கள், எஞ்சின் ஆயில் மாற்றினார்கள், பாலிஷ் போட்டுப் புது வண்டி மாதிரி கொடுத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு சேற்றுப் பாதையில் முன்சக்கர இயக்கத்தைப் போட்டேன். வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவை. முன்பக்கம் அடியிலிருந்து ஒரு முனகல். வேகம் கூடக் கூட ஊளையாக மாறியது. முன் டிஃபரன்ஷியல் என்பது முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி. அதன் டிரெயின் பிளக்கை, அதாவது ஆயிலை வடிக்கும் அடைப்பைத் திறந்தபோது முதலில் வந்தது தண்ணீர். சுத்தமான தண்ணீர், ஒரு டம்ளருக்கு மேல். அதற்கப்புறம் பால் கலந்தது போல வெளுத்த ஆயில், அதன் பிறகு துருத்தூள். பினியன் என்ற சிறு பற்சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கில் குழி விழுந்திருந்தது.

இதில்தான் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கும் சாதாரண காருக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். என்னுடையது போன்ற வண்டியில் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், சக்தியை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று நான்கு பெட்டிகள் உண்டு, நான்கிலும் தனித்தனி ஆயில். ஓடும்போது ஆயில் சூடாகி உள்ளே காற்று விரியும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ப்ரீதர் என்று ஒரு மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். டிஃபரன்ஷியல் இருக்கும் சக்கர அச்சான ஆக்சில் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது இழுக்கும், அந்த நேரத்தில் வெளியே இருப்பது தண்ணீர். குழாய் வைத்து ப்ரீதரை எஞ்சின் அறை வரை உயர்த்தியிருந்தால் தப்பிக்கலாம். ஆக்சில் மேலேயே குட்டையாக இருந்தால் தப்ப முடியாது. மணிக்கணக்கில் நிற்கும் தண்ணீர் ப்ரீதருக்காகக் காத்திருப்பதும் இல்லை, பழைய ஆயில் சீல்கள் வழியாகவே கசிந்து போய்விடும்.

போன தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பின் ஆக்சிலில் பற்சக்கரம் எப்போதும் சுற்றுவதால் தண்ணீரும் ஆயிலும் கலங்கி, சத்தமாகவோ கசிவாகவோ சீக்கிரமே தெரிந்துவிடும். முன் ஆக்சில் அப்படி இல்லை. முன்சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் ஹப்பை விடுவித்து ரோட்டில் ஓட்டும் நாட்களிலெல்லாம் அது அசையாமல் கிடக்கிறது. ஆறு மாதம் அந்தத் தண்ணீர் ஒரே இடத்தில் நின்று, பேரிங்கின் அடிப்பாதியை மட்டும் தின்றுகொண்டிருந்திருக்கிறது. டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. இந்த வண்டியை இந்த வண்டியாக்கும் பாகம் எதுவோ அதைத்தான் யாரும் திறந்து பார்க்கவில்லை.

நான்கு டிரெயின் பிளக்குகளைத் திறந்து, வடியவிட்டு, ஃபிளஷ் செய்து, புது ஆயில் ஊற்ற அரை நாள் வேலை. நீர்மட்டம் இருக்கை உயரம் என்று தாளில் எழுதியிருந்தால் எந்த மெக்கானிக்கும் கேட்காமலே அதைச் செய்திருப்பார், ஏனென்றால் இருக்கை உயரத்துக்குத் தண்ணீர் ஏறிய வண்டியில் நான்கு பெட்டிகளும் தண்ணீருக்குள் இருந்திருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாமல் போகாது. நான் மறுபடி காப்பீட்டு நிறுவனத்திடம் போனேன். தேய்மானம் என்றார்கள். வெள்ளத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக ஆவணம் இல்லை என்றார்கள். ஆவணம் இல்லைதான். யார் எழுதினார்கள், ஆவணம் இருக்க?

அங்கே ஒருவர் சொன்ன இன்னொரு வார்த்தையும் மனதில் நிற்கிறது. "இது தண்ணீரில் போகிற வண்டிதானே சார்." இல்லை ஐயா. கம்பெனிகள் கொடுக்கும் வேடிங் டெப்த் என்ற தண்ணீர் ஆழக் கணக்கு, புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900 மில்லிமீட்டர் வரை, இப்போதைய ஃபோர்ட் ரேஞ்சருக்கு 800 மில்லிமீட்டர் என்பதெல்லாம், மெதுவாக ஓட்டிக் கடந்து வெளியே வந்துவிடுவதற்கான அளவு. இரண்டு இரவு அந்த ஆழத்தில் நிறுத்திவைப்பதற்கான அனுமதி கிடையாது. ஸ்நார்க்கெல் போட்ட வண்டிக்கும் இதேதான், அது எஞ்சினின் மூக்கை மட்டும்தான் உயர்த்துகிறது, ஆக்சிலும் வயரிங்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

சரி, நீர்மட்டம் தெரிந்தால் வேறு என்னவெல்லாம் முடிவாகும்? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸாக இருந்து அதில் தண்ணீர் புகுந்திருந்தால் ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பரப்பு காகித வகைப் பொருள், தண்ணீரை உறிஞ்சி உரிந்து வரும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுக்கும் குணம் உள்ளது. பிரேக் ஆயிலில் டாட் 4 என்ற வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் அதற்கான தரவரம்பே 155 டிகிரிதான். இறக்கத்தில் கனமான வண்டியை நிறுத்தும்போது சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பிரேக் பெடல் பிடிப்பில்லாமல் இறங்கும், இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். ஏர்பேக்கை இயக்கும் கம்ப்யூட்டர் பல வண்டிகளில் முன் இருக்கைகளுக்கு நடுவே, தரையை ஒட்டித்தான் இருக்கிறது. கார்ப்பெட் நனைந்தது என்று எழுதுகிறவர் அதுவும் நனைந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறார், ஆனால் அதை யாரும் அப்படிப் படிப்பதில்லை. வயர்களுக்குள் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறிப்போகும், வெளியே காய்ந்த கனெக்டருக்குள்ளே மாதக்கணக்கில் பச்சை பூத்துக்கொண்டிருக்கும்.

சேஸிஸையும் சொல்ல வேண்டும். ஏணி வடிவச் சட்டத்தின் மேல் நிற்கும் வண்டிகளில் அந்தச் சட்டம் உள்ளே காலியான பெட்டிக் குழாய். வெள்ளம் அதற்குள் வண்டலைக் கொண்டுபோய் நிரப்பிவிடும். வெளியே எத்தனை தடவை வாட்டர் வாஷ் செய்தாலும் உள்ளே இருக்கும் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்தே துருவாக்கும். சட்டத்தில் இருக்கும் துளைகள் வழியாக ஹோஸை விட்டுத் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவ வேண்டும். என் வண்டியில் இதை நானே செய்தபோது வந்த சேறு இரண்டு வாளி. அதுவும் பட்டறையிலிருந்து "முழுச் சுத்தம்" என்று பில்லோடு வந்த வண்டி.

உப்புத் தண்ணீர் என்றால் கதையே வேறு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், பேட்டரி இணைப்பு இருக்கும்வரை கனெக்டர்களின் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கதவின் அடிப்படிக்கு மேல் உப்புத் தண்ணீர் ஏறியிருந்தால் எவ்வளவு நேரமானாலும் அந்த வண்டி மறுபடி சாலைக்கு வரக்கூடாத வகையில் சேர்கிறது. நல்ல தண்ணீர் என்றால் டாஷ்போர்டு அல்லது ஸ்டியரிங் உயரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்க வேண்டும். பாருங்கள், நான் கேட்கும் மூன்றும் அதில் இருக்கின்றன, உயரம், நேரம், எந்தத் தண்ணீர் என்பது. செய்ய முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை.

விற்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு அமெரிக்காவில் பல லட்சம் வண்டிகள் நனைந்தன, அவற்றில் எத்தனையோ வண்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டு, வெள்ளமே பார்க்காத ஊர்களில் போய் விலையானதாகப் புகார்கள் எழுந்தன. ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்குகிறவர் அதைக் குடும்பத்தோடு மலைக்கும் காட்டுக்கும் கொண்டு போகவே வாங்குகிறார். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பிரேக்கோ ஆக்சிலோ கைவிட்டால் அவர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்து, கார்ப்பெட்டின் அடிப்பஞ்சை முகர்ந்து பார்த்து, அவராகவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நனைந்த வண்டியை விற்பதில் தப்பே இல்லை. என் வண்டியே இப்போது நன்றாக ஓடுகிறது, முறையாகத் திறந்து பார்த்த பிறகு. நனைந்தது என்று சொல்லி, எது வரை என்று சொல்லி, என்னவெல்லாம் திறந்து பார்க்கப்பட்டது என்று சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் வாங்க ஆள் இருக்கிறது, நானே வாங்குவேன்.

சர்வேயர்களே, உங்களுக்கு ஒன்பது நாள் ஆவது எனக்குப் புரிகிறது. வெள்ளம் வந்தால் எல்லா வண்டியும் ஒரே நாளில்தான் நனைகிறது. ஆனால் காத்திருக்கும் ஒன்பது நாளும் பேரிங்குகளுக்குக் கெட்ட நாட்கள். "நாங்கள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாதீர்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, கோட்டின் மேல் ஒரு அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள், வடிந்த ஆயிலில் கொஞ்சத்தைப் பாட்டிலில் எடுத்து வைத்துவிட்டு மீதியை மாற்ற அனுமதி கொடுங்கள். அந்தப் பாட்டிலே உங்களுக்கு ஆவணம். அதைத் தவிர வேறு எந்தப் படமும் அவ்வளவு தெளிவாகப் பேசாது.

என் வண்டியின் ஆவணப் பைக்குள் இப்போது ஒரு தாள் இருக்கிறது, நானே எழுதியது. நீர்மட்டம் இருக்கை மெத்தைக்கு நான்கு விரல் கீழே, இரண்டு இரவு, நல்ல தண்ணீர், எந்தப் பெட்டியை எந்தத் தேதியில் திறந்தோம், எதை மாற்றினோம். கதவின் சேற்றுக் கோட்டுப் படமும் கூடவே. உங்கள் படிவத்தில் அந்த ஒரு வரிக்கு இடம் ஒதுக்க நினைத்தால் மாதிரிக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள், பிரதி எடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளத்தில் நின்ற ஒரு வண்டியின் உரிமையாளர்