ரோமின் வெற்றியில் துணைக் குதிரைப்படையின் பங்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த ரோமானியப் படை பற்றிய கட்டுரை, லெஜியன்கள் எனப்பட்ட, குடியுரிமை பெற்ற ரோமானியரைக் கொண்ட முதன்மைப் படைப்பிரிவுகளின் ஒழுங்கையும் கோட்டை கட்டும் திறனையும் நன்றாக விளக்கியது. ஆயினும் அவற்றுக்குத் துணையாகப் பிற மக்களிடமிருந்து திரட்டப்பட்ட துணைப்படையினரைக் கூலிக்கு வந்து ஓரமாக நின்றவர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. குறிப்பாக, குதிரைப்படையைப் பொறுத்தவரை அது உண்மைக்கு நேர்மாறானது.

ஐயாயிரம் பேர் கொண்ட ஒரு லெஜியனுக்குச் சொந்தமாக இருந்த குதிரைவீரர்கள் ஏறத்தாழ 120 பேர் மட்டுமே. பேரரசுக் காலத்தில் ரோமின் குதிரைப்படை என்பது பெரும்பாலும் திரேசியர் (இன்றைய பல்கேரியப் பகுதியினர்), கால்லியர் (இன்றைய பிரான்சுப் பகுதியினர்), பட்டாவியர் (ரைன் ஆற்றின் முகத்துவாரப் பகுதியினர்), மூர்கள் (வடமேற்கு ஆப்பிரிக்கர்) போன்ற, ரோமானியக் குடியுரிமை பெறாத மக்களிடமிருந்து திரட்டப்பட்டதுதான். ‘ஆலா’ எனப்பட்ட ஒவ்வொரு பிரிவிலும் சுமார் ஐந்நூறு பேர் இருந்தனர். இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி முடித்தவருக்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்குச் சான்றாக வழங்கப்பட்ட வெண்கலப் பட்டயங்கள் பல நாடுகளில் இன்றும் மண்ணிலிருந்து கிடைத்துவருகின்றன. வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே படையில் கழித்தவர்களைக் கூலிக்கு வந்துபோனவர்களாகக் கருதுவது எவ்விதத்திலும் பொருந்தாது.

அவர்கள் ஓரமாக நின்றார்களா என்பதற்கு வரலாற்றாசிரியர் தாசித்துஸ் தரும் ஒரு போர் வருணனையே போதும். இன்றைய ஸ்காட்லாந்தில் நடந்த கிராவ்பியஸ் மலைப் போரில், அவருடைய மாமனாரான தளபதி அக்ரிகோலா, எண்ணாயிரம் துணைக் காலாட்களை நடுவிலும் மூவாயிரம் குதிரைவீரர்களைப் பக்கங்களிலும் நிறுத்தி, லெஜியன்களைப் பாசறை அரணுக்கு முன்னால் பின்னணியில் வைத்துக்கொண்டார். ரோமானிய இரத்தம் சிந்தாமல் கிடைக்கும் வெற்றிக்கே பெருமை அதிகம் என்று தாசித்துஸ் இதற்குக் காரணம் கூறுகிறார். சிந்தப்பட்டது யாருடைய இரத்தம் என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இவ்வீரர்களின் திறமை ரோம் கற்றுக்கொடுத்தது மட்டுமன்று. ஆயுதங்களைக் கைவிடாமல் குதிரையோடு ரைன் ஆற்றை அணி குலையாது நீந்திக் கடப்பதில் பட்டாவியர் பெயர் பெற்றவர்கள். சேணமோ கடிவாளமோ இன்றிப் பாயும் மூர் வீரர்களை ரோம் நகரிலுள்ள, பேரரசர் திராயானின் வெற்றியைச் சித்திரிக்கும் தூணில் இன்றும் காணலாம். அந்தத் தூண் காட்டும் டாசியப் (இன்றைய ருமேனியா) போரில் அவர்களை நடத்திய லூசியஸ் குவியெட்டஸ் மூர் இனத்தவரே. அங்கவடி அறியாத அந்தக் காலத்தில், இவர்களது திறன் இளமை முதல் குதிரையோடு வாழ்ந்து பெற்றதாகவே இருக்க வேண்டும்.

இந்த உறவில் வற்புறுத்தலும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வரிக்குப் பதிலாக ஆட்களைத் தந்துவந்த பட்டாவியர், ஆள்சேர்ப்பில் அதிகாரிகள் செய்த அட்டூழியங்களால் கொதித்து, தங்கள் படையிலேயே பணியாற்றிய சிவிலிஸ் தலைமையில் 69ஆம் ஆண்டில் கிளர்ந்தெழுந்தனர். 175ஆம் ஆண்டில் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸிடம் பணிந்த, தன்யூப் ஆற்றுக்கு அப்பால் வாழ்ந்த சர்மாத்தியரோ, உடன்படிக்கையின்படி எண்ணாயிரம் குதிரைவீரர்களைத் தர நேர்ந்தது. அவர்களில் 5,500 பேர் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டனர். தன்யூப் சமவெளியில் பிறந்தவர்கள் அந்தத் தொலைதூரத் தீவில் காவல் நின்றார்கள்.

இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரில் லோங்கினுஸ் என்ற திரேசியக் குதிரைவீரரின் கல்லறைக் கல் இருக்கிறது. இன்றைய சோபியா நகர்ப் பகுதியில் பிறந்த அவர், பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி நாற்பதாம் வயதில் இறந்தார் என்று அது தெரிவிக்கிறது. குடியுரிமைக்கு இன்னும் பத்தாண்டுகள் இருந்தன. இத்தகையவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை, முடிந்தால் அந்தக் கல்லின் படத்துடன், வரும் இதழ்களில் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்