பயிற்சியாளர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெயர்பெற்ற பந்தயக் குதிரைகளைப் பற்றி உங்கள் இதழில் வரும் கட்டுரைகளை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். போன இதழில் வந்த ஃபார் லாப் கட்டுரை நன்றாக இருந்தது. 1930இல் ஆஸ்திரேலியாவின் பெரிய பந்தயமான மெல்போர்ன் கோப்பை, 51 பந்தயங்களில் 37 வெற்றி, 1932இல் அமெரிக்கா போன இடத்தில் திடீர் மரணம், எல்லாம் இருந்தது. கோப்பையை வென்றபோது ஓட்டிய ஜாக்கி ஜிம் பைக்கின் பெயர் இரண்டு இடத்தில் வந்திருந்தது. குதிரையைப் பழக்கிய பயிற்சியாளர் ஹாரி டெல்ஃபோர்டின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் குதிரையைக் கண்டெடுத்ததே டெல்ஃபோர்டுதான். நியூசிலாந்தில் ஏலத்துக்கு வரும் குட்டிகளின் பட்டியலில் அதன் வம்சாவளியைப் படித்துவிட்டு, இதை விடக்கூடாது என்று முடிவு செய்தார். கையில் பணம் இல்லை. டேவிட் டேவிஸ் என்பவரைப் பேசி, குட்டியை வாங்கச் சம்மதிக்க வைத்தார். நியூசிலாந்தில் இருந்த தன் சகோதரரைப் பிடித்து ஏலம் கேட்க வைத்தார். 160 கினிக்கு (கினி என்பது பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) குட்டி கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியதைப் பார்த்த டேவிஸுக்குக் கோபம். நெடுநெடுவென்று ஒல்லியாக, முகமெல்லாம் மருவோடு இருந்தது. பயிற்சிக்கு ஒரு காசு தரமாட்டேன் என்றுவிட்டார். சரி, மூன்று வருஷக் குத்தகைக்குக் கொடுங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு என்றார் டெல்ஃபோர்டு. முதல் பந்தயத்தில் குதிரை கடைசியாக வந்தது. அவர் விடவில்லை. மணல்மேடுகளில் ஏற்றி இறக்கிப் பழக்கினார். அளவுக்கு மீறி வேலை வாங்கினார் என்று குறை சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அத்தனை பேரும் கைவிட்ட ஒரு குட்டியை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

இன்று ஃபார் லாப்பின் தோல் மெல்போர்னிலும், எலும்புக்கூடு வெலிங்டனிலும், இதயம் கான்பெராவிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. டெல்ஃபோர்டுக்கு அப்புறம் அப்படி ஒரு குதிரை வாய்க்கவேயில்லை. 1960இல் இறந்துபோனார்.

நான் இளவயதில் மூன்று வருஷம் ஒரு சின்ன லாயத்தில் வேலை பார்த்தவன். அங்கே இருந்த பயிற்சியாளர் பெரிய பந்தயம் எதையும் ஜெயித்ததில்லை. தினமும் சாயங்காலம் ஒவ்வொரு குதிரையின் முன்னாலும் மண்டியிட்டு உட்காருவார். இரண்டு முன்னங்கால்களையும் முழங்காலிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே வருவார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. ஒரு காலில் மட்டும் கொஞ்சம் சூடு தெரிந்தால், மறுநாள் அந்தக் குதிரைக்கு ஓட்டம் கிடையாது, முதலாளி எவ்வளவு கத்தினாலும் கிடையாது. அப்புறம் தீனித் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்பார். மிச்சம் வைத்திருந்தால் ஏன் என்று தெரியும்வரை தூங்கப் போகமாட்டார். ஜாக்கி குதிரையின் மேல் உட்கார்ந்திருப்பது இரண்டு மூன்று நிமிஷம். அதற்குப் பின்னால் எத்தனை சாயங்காலங்கள் இருக்கின்றன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அவர் லாயத்தை மூடிய அடுத்த வாரமே ரேஸ் கார்டில், அதாவது அன்று ஓடும் குதிரைகளின் பட்டியலில், அவருடைய குதிரைகளுக்கு நேரே வேறு ஒருவர் பெயர் அச்சாகியிருந்தது. அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரிகூட வரவில்லை.

மறக்கப்பட்டவர்களாவது ஒரு காலத்தில் பெயரோடு இருந்தவர்கள். பெயரே போடப்படாதவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1966 வரை பெண்களுக்குப் பயிற்சியாளர் உரிமம் கிடையாது. லாயத்தை நடத்துவது ஒரு பெண்ணாக இருந்தாலும், உரிமம் அங்கே வேலை பார்க்கும் ஓர் ஆணின் பெயரில் இருக்கவேண்டும். ஹெலன் ஜான்சன் ஹௌட்டனின் கணவர் 1952இல் இறந்தபிறகு லாயத்தை அவர்தான் நடத்தினார். 1956இல் அவர் பழக்கிய கில் டி ரெட்ஸ் என்ற குதிரை, '2000 கினி' என்ற பெரிய பந்தயத்தையே வென்றது. ஏட்டில் பயிற்சியாளர் என்று இருப்பது சார்லஸ் ஜெர்டைனின் பெயர். ஃபுளோரன்ஸ் நேகல் என்ற அம்மையார், உரிமம் கொடுக்கும் அமைப்பான ஜாக்கி கிளப்பின் மேல் வழக்குப் போட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனபிறகுதான் விதி மாறியது. பல வருஷமாக வேறொருவர் பெயரில் குதிரை பழக்கிவந்த நோரா வில்மட், அதே 1966 ஆகஸ்டில் பிரைட்டனில் தன் சொந்தப் பெயரில் முதல் வெற்றியைப் பார்த்தார். இந்தப் பெண்களைப் பற்றி எழுதினால் ஒரு இதழ் போதாது.

எல்லாப் பயிற்சியாளர்களும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. ஊசி போட்டு ஓட்டியவர்களும், காலில் வலியோடு ஓட விட்டவர்களும் இருந்தார்கள். வருத்தம் என்னவென்றால், அவர்கள் மாட்டிக்கொள்ளும்போது பெயர் முதல் பக்கத்தில் வருகிறது.

ஹென்றி செசிலை எல்லாருக்கும் தெரியும். பிரிட்டனில் பத்து முறை முதலிடம் பிடித்த பயிற்சியாளர். ஆனால் 2005இல் அந்த வருஷம் முழுவதும் அவர் லாயத்துக்குக் கிடைத்தது 12 வெற்றிதான். அவர் காலம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். அவர் 2007இல் லைட் ஷிஃப்ட் என்ற குதிரையை வைத்து ஓக்ஸ் என்ற பெரிய பந்தயத்தை வென்றார். அப்புறம் ஃபிராங்கல் என்ற குதிரை வந்தது, 14 பந்தயம் ஓடி 14லும் ஜெயித்தது. 2005இலேயே மனம் விட்டு அவர் லாயத்தைப் பூட்டியிருந்தால்? அப்படிப் பூட்டிவிட்டுப் போனவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். குதிரையைப் பற்றி எழுதும்போது அதைப் பழக்கியவர் பெயரையும் கட்டாயம் போடுங்கள். ஒரு பயிற்சியாளர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும்போது, அவர் உயிரோடு இருக்கும்போதே நாலு வரி எழுதுங்கள். எத்தனை வருஷம் நடத்தினார், எந்தக் குதிரையை அவர் தேற்றிக் கொண்டுவந்தார், அவ்வளவு போதும். பெரிதாக ஜெயிக்காதவராக இருந்தாலும் எழுதுங்கள். அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ள அவர் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்