கோடு கரைந்தால் பிள்ளையின் கையில் பிழை தேடாதீர்கள்

வன்னியின் சித்திரப்பாட ஆசிரியர்களுக்கும், வர்ணம் தீட்டும் போட்டி நடத்தும் சனசமூக நிலையங்களுக்கும் முன்பள்ளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பொங்கல் பானைப் படம் ஒன்றை வீட்டில் அச்சிட்டுப் பிள்ளையிடம் கொடுக்கிறோம். பிள்ளை மஞ்சள் அல்ககோல் மார்க்கரால் (நிறத்தை அல்ககோலில் கரைத்து அடைத்த பேனை) கரும்பைத் தீட்டுகிறது. தோகையின் கறுப்புக் கோட்டை நுனி தொட்டதும் மஞ்சளுக்குள் சாம்பல் நிற வால் ஒன்று நீளுகிறது. நுனியும் கறுத்துப்போகிறது. அடுத்துத் தொடும் இடமெல்லாம் அழுக்கு மஞ்சள். "அழுத்தித் தேய்க்காதே" என்று பிள்ளையைத்தான் ஏசுகிறோம், துப்புரவுக்கான புள்ளியையும் குறைக்கிறோம். அந்தத் தாளின் தலைவிதி பிள்ளையின் கைக்கு வருமுன்பே, அச்சிடும்போதே எழுதப்பட்டுவிட்டது. தாளைத் தயார் செய்வது நாம். ஆகவே திருத்தவேண்டியதும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது.

எந்த அச்சு, எந்த மை என்பதை முதலில் பாருங்கள். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் இங்க்ஜெட் பிரின்டர். அதன் மை நீரில் கலந்தது. அதில் இரண்டு வகை உண்டு. டை மையில் நிறம் முழுமையாகக் கரைந்து நிற்கும், தாளின் நாருக்குள் ஊறும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்துகளாக மிதக்கும், காய்ந்தபின் தாளின் மேற்பரப்பில் தங்கும். பிக்மென்ட் கறுப்பு அல்ககோலில் எளிதில் கரையாது, ஆனால் நுனியால் திரும்பத் திரும்ப உரசினால் துகள் பெயரும். டை கறுப்பு நன்றாகக் காய்ந்திருந்தால் பலவேளை தாக்குப்பிடிக்கும். ஈரம் மிச்சமிருந்தால் மார்க்கர் பட்டவுடன் ஓடும். தொட்டுப் பார்த்து ஒட்டவில்லை என்பதற்காக மை காய்ந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். மை அடைக்காமல் இருக்க அதில் சேர்க்கும் ஈரங்காக்கும் பொருள்கள் மெதுவாகத்தான் போகும். 24 மணித்தியாலம் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் விடுங்கள். தாள்களை அடுக்கி வைக்காமல் பரப்பி வையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று பிரின்டரின் தாள் தெரிவில் இருக்கிறது. கனன் ஜீ2000 போன்றவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்று நிறங்களும் டை. 'போட்டோ பேப்பர்' என்று தெரிவு செய்தால் பிரின்டர் பிக்மென்ட் கறுப்பைத் தொடாது, மூன்று டை நிறங்களையும் கலந்தே கறுப்பை உண்டாக்கும். கண்ணுக்கு அது கறுப்புத்தான். மார்க்கர் பட்டால் ஊதாவாகவோ பச்சையாகவோ கசியக்கூடும். 'பிளெய்ன் பேப்பர்', கறுப்பு வெள்ளை என்று தெரிவு செய்யுங்கள். தரத்தை 'ஹை' ஆக்காமல் 'ஸ்டான்டர்ட்'டில் விடுங்கள். தாளில் இறங்கும் மை குறைந்தால் சீக்கிரம் காயும்.

லேசர் அச்சும் போட்டோகொப்பியும் வேறு கதை. அங்கே இருப்பது மை அல்ல, டோனர் என்ற பிளாஸ்டிக் தூள். சூடான உருளை அதை உருக்கித் தாளில் ஒட்டுகிறது. பழைய மார்க்கர்களின் கரைப்பான் டோனரையே கரைத்துவிடும். 1987இல் ஜப்பானில் வந்த கோப்பிக் என்ற அல்ககோல் மார்க்கர், கொப்பி எடுத்த கோட்டைக் கரைக்காமல் நிறமிட என்றே செய்யப்பட்டது. அப்படியானால் லேசர் தாளிலும் கோடு ஏன் அழிகிறது? பெரும்பாலும் டோனர் சரியாக உருகாததால். தடித்த மட்டையைச் சாதாரணத் தாள் தெரிவில் விட்டால் உருளையின் சூடு போதாது. உலர்ந்த விரலால் கோட்டைத் தேயுங்கள். விரலில் கரித்தூள் ஒட்டினால் அந்தத் தாளை மார்க்கருக்குக் கொடுக்காதீர்கள். கடையில் அச்சிடக் கொடுக்கும்போது, "தடித்த தாள் தெரிவில் போடுங்கோ" என்று சொன்னால் போதும். இயந்திரம் மெதுவாக இழுத்து நன்றாக உருக்கும்.

அச்சிட்டு முடித்த லேசர் தாளையும் ஓரளவு மீட்கலாம். கேக் தட்டில் விரிக்கும் ஒட்டாத பேக்கிங் தாளை மேலே வைத்து, மின்னழுத்தியை நீராவியில்லாமல் நடுத்தரச் சூட்டில் 10 முதல் 15 விநாடி அழுத்துங்கள். இழுக்கவேண்டாம், வைத்து எடுங்கள். ஆறியபின்தான் மேல்தாளை உரிக்கவேண்டும், சூட்டில் உரித்தால் கோடும் கூட வரும். மெழுகுத்தாள் கூடாது, மெழுகு உருகிப் படத்தில் இறங்கினால் அந்த இடத்தில் மார்க்கர் பிடிக்காது. இந்த வேலை நிறமிடுமுன் மட்டுமே. அல்ககோல் ஈரம் உள்ள தாளுக்குச் சூடு காட்டக்கூடாது, தீப்பற்றலாம்.

தாள் 80 ஜீஎஸ்எம் (தாளின் கனத்தைக் காட்டும் எண்) என்றால் நிறம் கோட்டைத் தாண்டிப் பரவும், பின்புறமும் ஊறும். 160 முதல் 200 ஜீஎஸ்எம் வரையான வழுவழுப்பான வெள்ளை மட்டை நல்லது. வெள்ளை பிரிஸ்டல் போட்டை ஏ4 அளவுக்கு வெட்டியும் பாவிக்கலாம், பின்பக்கத்தால் தாள் விடும் பிரின்டர் என்றால் வளையாமல் போகும். பளபளப்பான போட்டோ தாள் வேண்டவே வேண்டாம். அதன் பூச்சில் மார்க்கர் ஊறாமல் மிதந்து வழியும்.

எத்தனை தாள் அச்சிட்டாலும் முதல் ஒன்றைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் பாவிக்கப்போகும் மார்க்கரில் இள மஞ்சளை எடுத்து, தடித்த கோடு ஒன்றின் குறுக்கே மூன்று தரம் இழுங்கள். நிறம் சுத்தமாக இருந்தால் மற்றத் தாள்களைக் கொடுக்கலாம். மருந்துக் கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுச் சோதிப்பது பிழையான விடை தரும். 70 வீத ஸ்பிரிட்டில் நீர் இருக்கிறது, மார்க்கருக்கு ஓடாத டை மையும் அந்த நீருக்கு ஓடிவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியவை கொஞ்சந்தான். கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் உள்ளே நிறுத்து, மிச்சத்தை நிறமே போய் நிரப்பும். நுனியைக் கோட்டுக்குக் குறுக்கே இழுக்காதே, அதன் பக்கமாக ஓட்டு. மஞ்சள், இளஞ்சிவப்பு முதலில், கடும் நிறம் கடைசியில். நுனி கறுத்தால் கழிவுத்தாளில் கீறிக் கீறித் துடை. தாளுக்கு அடியில் ஒரு மட்டை வை. யன்னலைத் திற, மூடியை உடனே போடு.

சோதனையில் தாள்கள் தோற்றால் இரண்டு வழி உண்டு. அதே படத்தைக் கறுப்புக்குப் பதில் மிக இளஞ்சாம்பல் கோடாக மீண்டும் அச்சிடுங்கள். கசிந்தாலும் தெரியாது, நிறம் காய்ந்தபின் பிக்மென்ட் மைப் பேனையால் பிள்ளையே கோடு போடட்டும். அல்லது தோற்ற தாளை யன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே வெள்ளைத்தாள் வைத்து அதே பேனையால் கீறி எடுக்கலாம். எம்மைக் கேட்டால் இரண்டாவதே சிறந்தது. கரையும் கோடே அதில் இல்லை, பிள்ளையின் கைக்கும் பயிற்சி.

போட்டி நடத்துவோரிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் லேசரா இங்க்ஜெட்டா என்பதையும் அச்சிட்ட திகதியையும் எழுதுங்கள். முன்புறக் கீழ் மூலையில் இரண்டு சென்ரிமீற்றர் கட்டம் ஒன்றை, உள்ளே நாலு கோடுகளுடன் அச்சிட்டு விடுங்கள். பிள்ளை படத்தைத் தொடுமுன் அங்கே தன் மார்க்கரைச் சோதிக்கட்டும். மற்றது, புள்ளியிடும்போது அந்தக் கட்டத்தைப் பாருங்கள். அங்கேயும் கோடு கரைந்திருந்தால், படத்தில் கரைந்த கோட்டுக்காகப் புள்ளி வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
வன்னியில் சித்திரம் கற்பிப்போர் சிலர்