வாசலிலேயே திருப்பி அனுப்பும் கட்டளை: நீதி அமைச்சுக்கும் சட்ட ஆணைக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

திருகோணமலை நீதிமன்றத்துக்குக் கிட்டத் தட்டச்சும் போட்டோப் பிரதியும் செய்து பிழைப்பவன் நான். சட்டத்தரணி அல்ல. ஆனால் வழக்குக் கட்டுகள் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன, அதனால் சில விஷயங்கள் கண்ணில் படாமல் போகாது.

ஓட்டோவுக்கோ படகு இயந்திரத்துக்கோ லீசிங் எடுத்தவர், கணக்கில் பிழை இருக்கிறது என்று மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறார். கம்பனிச் சட்டத்தரணி எழுந்து, ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு வாசகம் இருக்கிறது, அதாவது பிணக்கு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் தனியார் நடுவரிடம் தீர்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறது என்கிறார். 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பு அப்படி ஆட்சேபித்தால் நீதிமன்றத்துக்கு அந்தப் பிணக்கை விசாரிக்க நியாயாதிக்கம் கிடையாது. கணக்குச் சரியா பிழையா என்று யாரும் பார்க்காமலே வழக்கு முடிந்துவிடுகிறது.

அந்த வாசகத்துக்கு அவர் எப்படி உடன்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பிரதி எடுக்க வரும் ஒப்பந்தங்களைப் பார்த்தால், கையெழுத்து வைக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி இருக்கும். கம்பனிப் பொடியன் போட்டுக் கொடுத்தது. புள்ளடிக்கு மேலே பேனாவால் கையெழுத்து. நடுத்தீர்ப்பு வாசகம் பின்பக்கத்தில், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் கிடக்கும். என் இயந்திரத்தில் பெரிதாக்கி எடுத்தால்தான் எனக்கே வாசிக்க முடிகிறது. இதை இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்ட உடன்படிக்கை என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு கம்பனிகளுக்கு இடையில் என்றால் சரி, அவர்களுக்குச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்து வெருகல்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

நடுத்தீர்ப்பு விசாரணைக் கடிதம் கொழும்பிலிருந்து வரும். பலர் அதை மத்தியஸ்த சபைக் கடிதம் போல எண்ணி, போகாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று இருந்துவிடுகிறார்கள். மத்தியஸ்த சபை ஊருக்குள் இருப்பது, காசு கேட்காதது, இணங்காவிட்டால் ஒரு சான்றிதழ் தந்து அனுப்பிவிடுவது. இது அப்படியல்ல. போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். தீர்ப்பு கையில் கிடைத்து 60 நாட்களுக்குள் மேல் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம், ஆனால் சட்டம் சொல்லும் சில காரணங்களுக்காக மட்டும். கணக்குப் பிழை என்ற பழைய முறைப்பாட்டை அங்கே திரும்ப எடுக்க முடியாது.

அதனால்தான் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பும் அந்தக் கட்டளை முக்கியமானது. அதை எதிர்க்கும் வழியிலும் முள்வேலி இருக்கிறது. அது இறுதிக் கட்டளை என்றால் 14 நாட்களில் அறிவித்தல், 60 நாட்களில் மேன்முறையீட்டு மனு. இடைக்கட்டளை என்றால் 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அனுமதி கேட்டாக வேண்டும். எது இறுதி, எது இடை என்று சொல்ல 2017 இல் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில் ஏழு நீதியரசர்கள் அமர வேண்டியிருந்தது. வழக்கே தள்ளுபடியாகிவிட்டது, இதற்கு மேல் என்ன இறுதி என்றுதான் மூதூர்க்காரர் நினைப்பார். ஆனால் அது இடைக்கட்டளை என்று எடுத்துக்கொள்ளப்பட்டால், சான்றுப்படுத்திய பிரதி எடுத்து, சட்டத்தரணிக்குக் காசு தேடி முடிப்பதற்குள் 14 நாள் ஓடிவிடும்.

இதைச் சீர்திருத்தப் போகும்போது அமெரிக்காவைப் பார்த்துப் படியெடுத்துவிட வேண்டாம் என்றும் கேட்கிறேன். அங்கே 1925 ஆம் ஆண்டின் கூட்டாட்சி நடுத்தீர்ப்புச் சட்டத்தில் 1988 இல் சேர்த்த ஒரு பிரிவு, நீதிமன்றம் நடுத்தீர்ப்புக்கு அனுப்ப மறுத்தால் கம்பனி உடனே மேன்முறையீடு செய்யலாம் என்கிறது. அனுப்பினால் நுகர்வோர் பொதுவாக உடனே எதிர்க்க முடியாது, நடுத்தீர்ப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டும். வழக்கை அடியோடு தள்ளுபடி செய்திருந்தால் அது இறுதிக் கட்டளை, மேன்முறையீடு செய்யலாம் என்று 2000 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு சந்து காட்டியது. 2024 இல் அதே நீதிமன்றம், ஒரு தரப்பு கேட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கூடாது, நிறுத்தி மட்டுமே வைக்க வேண்டும் என்றது. சந்தும் ஏறக்குறைய அடைபட்டது. இடையில் 2023 இல், கம்பனியின் மேன்முறையீடு முடியும்வரை கீழ் நீதிமன்றம் வழக்கை நகர்த்தக் கூடாது என்றும் வந்தது. கம்பனிக்கு மட்டும் திறக்கும் கதவு.

பக்கத்து இந்தியாவிலும் நடுத்தீர்ப்புச் சட்டத்தின் மேன்முறையீட்டுப் பிரிவு ஏறக்குறைய அதே சாய்வுதான். ஆனால் நடுத்தீர்ப்பு வாசகம் இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் உரிமை போகாது என்று 2018 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, அந்த மாதிரி மன்றம் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நுகர்வோர் ஒப்பந்தத்தில், பிணக்கு வந்த பிறகு நுகர்வோர் எழுத்தில் சம்மதித்தாலொழிய 5 ஆம் பிரிவு பாயக் கூடாது. அது இப்போதைக்கு முடியாதென்றால், வழக்கைத் திருப்பி அனுப்பும் கட்டளையை அனுமதி கேட்காமலே மேன்முறையீடு செய்யலாம் என்று ஒரு வரி சேருங்கள். மேன்முறையீடு முடியும்வரை நடுத்தீர்ப்பு விசாரணை நிற்கட்டும், இல்லாவிட்டால் மேன்முறையீட்டில் வென்று என்ன பயன்? நடுத்தீர்ப்பை எதிர்க்கும் வழக்குகளுக்கென்று, கொழும்பைத் தவிர வேறு வலய மேல் நீதிமன்றங்களையும் வர்த்தமானியில் குறிப்பிட நடுத்தீர்ப்புச் சட்டமே இடம் தருகிறது. திருகோணமலையைக் குறிப்பிட, பிரதம நீதியரசரின் இசைவோடு அமைச்சரின் ஒரு கையெழுத்துப் போதும்.

இந்த மடலின் பிரதிகளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் இங்குள்ள சட்டத்தரணிகளுக்கும் கொடுக்கிறேன். பதில் தமிழில் வந்தால் கடைச் சுவரில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு தட்டச்சுக்காரன்