செய்தியோடை வசதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இணையதளத்தில் ஆர்எஸ்எஸ் (RSS) செய்தியோடை, அதாவது புதுச் செய்திகள் தானாக வந்து சேரும் வசதி, கொடுங்கள், இதுதான் என் வேண்டுகோள். 1999-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனம் கொண்டுவந்த வசதி இது. 2013-ல் கூகுள் இந்த ஓடைகளைப் படிக்க வைத்திருந்த ரீடர் சேவையை மூடியதும் இதன் கதை முடிந்தது என்று பலர் நினைத்துவிட்டார்கள், ஆனால் ஃபீட்லி, இனோரீடர் போன்ற அதே வகைச் சேவைகள் இன்றும் இருக்கின்றன, தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளிலும் படிக்கலாம். பிடித்த தளத்தின் ஓடை முகவரியை ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும், புதிதாக எது வந்தாலும் தலைப்பும் சுருக்கமும் இணைப்பும் தானாக வந்துவிடும், எதை நாம் முதலில் பார்க்க வேண்டும் என்று வேறு யாரும் முடிவு செய்வதில்லை.

20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி எங்கள் ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் வந்து பாருங்கள், டவர் எப்போது கிடைக்கும், எப்போது போகும் என்றே சொல்ல முடியாது. படமும் விளம்பரமுமாக முகப்புப் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. ஓடை என்பது பெரும்பாலும் வெறும் எழுத்துதான், சிக்னல் குறைவாக இருந்தாலும் சட்டென்று இறங்கிவிடும். காபி, மிளகு விலை பார்க்க அதுவே போதும். அப்புறம், சேலம் மாவட்டச் செய்திகளுக்குத் தனி ஓடை இருந்தால் இன்னும் நல்லது. மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால், அது முதலில் தெரிய வேண்டியது எங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஏற்காடு