துணை நடிகர்களையும் நினைவுகூர்வோம்

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு மலரில் அமெரிக்க மௌனப் படங்கள் குறித்து வெளியான கட்டுரை சாப்ளினையும் கீட்டனையும் சிறப்பாக நினைவுகூர்ந்தது. ஆனால், அக்காலத் திரையைத் தாங்கி நின்ற குணச்சித்திர நடிகர்களில் ஒருவர்கூட அதில் இடம்பெறாதது பெருங்குறையே. 1864-இல் கலிபோர்னியாவில் பிறந்த டல்லி மார்ஷல், நெடுங்காலம் நாடக மேடையில் இருந்துவிட்டு ஐம்பதை ஒட்டிய வயதில் திரைக்கு வந்து, 1943-இல் மறையும் வரை 150-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். 1923-இல் மட்டும் ஒரு படத்தில் பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயியாகவும், மற்றொன்றில் மலைவழிகாட்டி ஜிம் பிரிட்ஜராகவும் தோன்றினார். பேசும்படம் வந்தபோது பல நாயகர்கள் ஒதுங்க நேர்ந்தது. மேடையில் பழகிய குரல் கொண்ட இவரோ தொடர்ந்து நடித்தார்.

இயக்குநர் கிரிஃபித்தின் 1916-ஆம் ஆண்டுப் படமான ‘இன்டாலரன்ஸ்’ எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் திரையிடப்பட்டபோது, அதில் பண்டைய பாபிலோன் நகராக அமைக்கப்பட்ட அரங்கின் பிரம்மாண்டத்தைப் பற்றியே எல்லோரும் பேசினர். எனக்கோ, நகரைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கும் தலைமைப் பூசாரியாக வந்த மார்ஷலின் ஒட்டிய கன்னங்களும் இடுங்கிய கண்களுமே இன்றும் மறக்கவில்லை. அமெரிக்க மௌனப் படங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அழிந்துவிட்டதாக அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. எஞ்சியவற்றில் காணக்கிடைக்கும் இத்தகைய நடிகர்களை, வாரம் ஒருவராக, படத்துடன் அறிமுகப்படுத்தும் சிறு பகுதியொன்றைத் தாங்கள் தொடங்க வேண்டுகிறேன்.

வாசகர், கும்பகோணம்